மிதிவண்டி: நான்கு

ஜூன் 12

அன்பு மருமகள் குண்டூசிக்கு,

அத்தை எழுதுறேன். இங்க நான் சுகம், என் முட்டி மட்டும் சுகமில்ல. நீ, உங்கம்மா, அப்புறம் அந்த வெல்டிங் பட்டறை மகாராசா, மூணு பேரும் எப்படி இருக்கீங்கன்னு எழுது. போன் பண்ணலாம்தான். பண்ணினா உங்கப்பன் பக்கத்துல நின்னு "என்னவாம், என்னவாம்"னு கேட்டே நம்மளைப் பேச விடமாட்டான். அதான் காகிதம்.

விஷயத்துக்கு வர்றேன். எங்க ஆபீஸ் வேலை உனக்குத் தெரியும்ல, எந்த ரோட்டுல எத்தனை வண்டி போகுதுன்னு மெஷின் எண்ணி வர்ற கணக்கையெல்லாம் வாங்கிப் பட்டியல் போடுறது. நேத்து என் மேசைக்கு ஒரு தாள் வந்துச்சு. பாத்தா உங்க பெரிய ரோடு! பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல, காலையில எட்டுலேர்ந்து ஒன்பது. லாரி 212, பஸ் 31, கார் இத்தனைன்னு வரிசையா இருக்கு. கடைசியில "மிதிவண்டி: 4"னு போட்டிருக்கு. கண்ணாடியைத் துடைச்சுட்டு மறுபடியும் பாத்தேன். நாலேதான். லீவு நாளோன்னு தேதியைப் பாத்தேன், அதுவும் இல்ல. அப்போ பிள்ளைங்க எல்லாம் பறந்தா வர்றீங்க?

இதுல ஒரு சிக்கல் இருக்கு. ரோட்டு நடுவுல தடுப்புச்சுவர்ல ஒரு இடைவெளி இருக்கே, நீங்கள்லாம் தாண்டுற இடம், அதை என்ன பண்றதுன்னு அக்டோபர்ல முடிவு எடுக்குறாங்க. அந்த ஒரு மணி நேரத்துல அம்பது சைக்கிளாவது போனா சிக்னல் விளக்கு வைப்பாங்க. அம்பதுக்குக் கீழன்னா சுவரை மூடிருவாங்க. மூடிட்டா நீங்க ஒன்றரை கிலோமீட்டர் போய், திரும்பி ஒன்றரை வரணும். நாலுன்னு இருந்தா யோசிக்கக்கூட மாட்டாங்க.

அதனால நீ எனக்கு எண்ணிச் சொல்லு. சரி, நான் வாங்கித் தந்த சைக்கிள் எப்படி ஓடுது? அதைப் பத்தி நீ எழுதி மூணு மாசத்துக்கு மேலாச்சு.

ஊர்ல நடக்குற எல்லாமும் தெரியலைன்னா தூக்கம் வராத,
உன் அத்தை


ஜூன் 20

அன்புள்ள அத்தைக்கு,

குண்டூசி எழுதுறேன். நாங்க மூணு பேரும் நல்லா இருக்கோம். உங்க முட்டிக்கு அம்மா வெந்நீர் ஒத்தடம் குடுக்கச் சொன்னாங்க. அப்பா மாடிப்படி ஏற வேண்டாம்னு சொல்லச் சொன்னார். நீங்க ரெண்டையும் செய்யமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்.

நாலா? எங்க எட்டாம் வகுப்புல மட்டுமே பதினோரு சைக்கிள் இருக்கு அத்தை! நேத்து நானே எண்ணினேன். 44. அண்ணன் தம்பி ரெண்டு பேர் ஒரே சைக்கிள்ல வருவாங்க. அண்ணன் மிதிப்பான், தம்பி பின்னாடி உக்காந்து அண்ணனோட வீட்டுப்பாடத்தை எழுதுவான். அதை ஒன்னுன்னுதான் எண்ணினேன். ஒன்பதாம் வகுப்புல ஒருத்தன் இருக்கான், அவன் சைக்கிள்ல பெல் கிடையாது, வாயாலயே "டிரிங் டிரிங்"னு கத்துவான். எல்லாரும் அவனை பெல்லுன்னுதான் கூப்பிடுவோம். ஒரு குட்டிப் பொண்ணுக்கு சீட்டுல உக்காந்தா கால் தரையில எட்டாது. நிக்கணும்னா அவ மைல்கல்லைத் தேடுவா.

மெஷினுக்குக் கண்ணு தெரியாதா? ஆனா 44ன்னாலும் அம்பதுக்கு ஆறு குறையுதே. 44 போதாதா அத்தை? கொஞ்சம் கேட்டுப் பாருங்க.

சைக்கிள் புதுசு மாதிரியே இருக்கு. துடைச்சு, எண்ணெய் போட்டு வச்சிருக்கோம்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
குண்டூசி


ஜூன் 28

என் கணக்குப் பிள்ளைக்கு,

அத்தைக்கு முட்டி பரவாயில்ல. ஒத்தடம் குடுத்தேன், ஒரு நாள். உங்கம்மாகிட்ட தினமும் குடுக்குறதா சொல்லு.

44 போதாது கண்ணு. அம்பதுன்னா அம்பதுதான், எங்க ஆபீஸ் தாள்ல கெஞ்சலுக்குன்னு ஒரு கட்டம் போடல. ஆனா என்னைக் குடையுறது வேற. அந்த மெஷினுக்குக் கண்ணு கிடையாது, ரோட்டுக்குக் குறுக்கே ரெண்டு ரப்பர் குழாய் போட்டு ஓரத்துல ஒரு பெட்டியோட மாட்டியிருப்பாங்க. சக்கரம் குழாய் மேல ஏறினா காத்து அழுந்தி பெட்டியில பதியும். சைக்கிள் லேசானது, ஒன்னு ரெண்டு தப்பலாம். நாப்பது எப்படித் தப்பும்? எங்க இன்ஜினியரம்மாகிட்ட கேட்டேன். "மெஷின் பொய் சொல்லாது"ன்னாங்க. "என் மருமகளும் சொல்லமாட்டா"ன்னேன். ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டோம்.

அந்தக் குழாய் கிடந்த நாள்ல அங்க என்ன நடந்துச்சுன்னு விசாரி. இன்னும் மூணு நாள் எண்ணு. ஆமா, அந்த நாப்பத்திநாலுல நீ எத்தனையாவதா வர்ற? முன்னாடி பறக்குற கூட்டமா, மணி அடிச்சப்புறம் ஓடி வர்ற கூட்டமா?

விடை தெரியாம நகம் கடிச்சுக்கிட்டிருக்கும்,
அத்தை


ஜூலை 6

அன்புள்ள அத்தைக்கு,

இங்க எல்லாரும் சுகம். கண்டுபிடிச்சுட்டேன்! சிரிக்கக் கூடாது.

எல்லாம் அந்த பெல்லு பண்ணின வேலை. குழாயை முதல்ல பாத்தது அவன்தான். "அந்தப் பெட்டிக்குள்ள கேமரா இருக்கு, பெல் இல்லாத, பிரேக் இல்லாத சைக்கிள் குழாய் மேல ஏறினா போட்டோ எடுத்து வண்டியைப் பிடுங்கிட்டுப் போயிருவாங்க"ன்னு ஒரு புரளி கிளப்பிவிட்டான். பத்து நிமிஷத்துல பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிருச்சு. நம்ம பசங்க சைக்கிள்ல ஏதாவது ஒன்னு இல்லாமத்தானே இருக்கும்? அதனால எல்லாரும் குழாய்க்கு முன்னாடியே இறங்கி, ரோட்டை விட்டு மண்ணுல வண்டியைத் தள்ளி, பெட்டிக்குப் பின்னாடி தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிருக்காங்க. பெல்லும் பிரேக்கும் சரியா இருந்தவங்ககூட எதுக்கு வம்புன்னு அப்படியே போயிருக்காங்க. அந்தக் குட்டிப் பொண்ணு அது பாம்புன்னு நினைச்சு ஒரு பாட்டம் அழுதுட்டுப் போச்சாம்.

அப்போ அந்த நாலு யாருன்னுதானே கேப்பீங்க? அதையும் விசாரிச்சேன். பேப்பர்காரர் போனதும் வந்ததும் ரெண்டு. எங்க வாட்ச்மேன் டீ குடிக்கப் போனதும் வந்ததும் ரெண்டு.

மூணு நாள் கணக்கு: 44, 43, 44. ஒன்னுகூட விடல. ஏழே முக்காலுக்கே பள்ளிக்கூட வாசல்ல வாட்ச்மேன் ஸ்டூலைப் போட்டு உக்காந்துருவேன். அவர் என்னை "இன்ஸ்பெக்டரம்மா"ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டார். அங்கேருந்து பாத்தா ரோடு முழுசும் தெரியும்.

உங்க இன்ஜினியரம்மாகிட்ட மெஷின் பொய் சொல்லலைன்னு சொல்லிருங்க. பாவம் அவங்க.

அன்புடன்,
குண்டூசி


ஜூலை 14

இன்ஸ்பெக்டரம்மாவுக்கு,

சிரிக்கக் கூடாதுன்னு நீ எழுதின இடத்துலயே சிரிச்சுப் புரையேறி, பக்கத்து மேசைக்காரங்க தண்ணி கொண்டாந்து குடுத்தாங்க. உன் கடிதத்தை அப்படியே இன்ஜினியரம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அவங்க அதை வாங்கி இன்னொரு தடவை தானே படிச்சாங்க. அப்புறம், "மெஷின் வேண்டாம், ஆளை அனுப்புவோம்"னாங்க. செப்டம்பர் 24, புதன்கிழமை, எட்டுலேர்ந்து ஒன்பது. ரெண்டு பேர் நேர்ல நின்னு எண்ணுவாங்க. அந்த ஒரு நாள் கணக்குதான் முடிவு.

இப்போ ஒரு சந்தேகம். கோவிச்சுக்காத. ஏழே முக்காலுக்கு நீ ஸ்டூல்ல உக்காந்துட்ட. ஒன்பது வரைக்கும் எண்ணுற. ரோடு முழுசும் தெரியுது, எல்லாரும் தாண்டி வர்றது தெரியுது. ரெண்டு கடிதத்துல நாப்பது பிள்ளைங்க கதை எழுதியிருக்க. நீ சைக்கிள்ல வந்த கதை ஒரு வரிகூட இல்ல. எத்தனையாவதா வர்றன்னு கேட்டதுக்கும் பதில் இல்ல. சைக்கிளைத் துடைச்சு எண்ணெய் போட்டு "வச்சிருக்கோம்"னு எழுதியிருக்க.

குண்டூசி, நீ எப்படிம்மா பள்ளிக்கூடம் போற?

அத்தை


ஆகஸ்ட் 10

என் கண்ணுக்கு,

நாலு வாரமாச்சு. தபால்காரரைப் பாத்தாலே வாசலுக்கு ஓடுறேன், இந்த முட்டியை வச்சுக்கிட்டு. உங்கம்மாவுக்குப் போன் பண்ணினேன், எல்லாரும் சௌக்கியம்னு சொல்லிட்டு உலை கொதிக்குதுன்னு வச்சுட்டாங்க. அந்த உலை இன்னமும் கொதிக்குது போல.

நான் கேட்டது பிடிக்கலைன்னா பதில் சொல்லாத. ஆனா எழுது. வெறும் காகிதமா மடிச்சு அனுப்பினாக்கூடப் போதும்.

அத்தை


ஆகஸ்ட் 16

அன்புள்ள அத்தைக்கு,

நான் நல்லா இருக்கேன். முதல்ல அதைச் சொல்லிடுறேன்.

மார்ச் மாசம் அந்த இடைவெளியில விழுந்துட்டேன் அத்தை. பாதி தாண்டி நடுவுல நின்னேன். லாரி தூரத்துல வருதுன்னு நினைச்சு மிதிச்சேன். அது பின் சக்கரத்துல லேசா உரசிட்டுப் போச்சு. முழங்கை மட்டும்தான் சிராய்ச்சுது. சக்கரம் கோணிருச்சு. அப்பா அதை நிமித்தி, சைக்கிளைத் துடைச்சு, எண்ணெய் போட்டு, பின்கட்டுல ரெண்டு கொக்கி அடிச்சு சுவர்ல மாட்டிட்டார். அன்னையிலேர்ந்து பட்டறை திறக்குறதுக்கு முன்னாடி பைக்ல கொண்டாந்து விடுறார். அதான் ஏழே முக்கால். நீங்க வாங்கித் தந்ததாச்சே, உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

அது மட்டும்னா பரவாயில்ல. நான் விழுந்ததைக் கேட்டு எங்க தெருவுல இன்னும் ஆறு பொண்ணுங்களோட சைக்கிளை வீட்டுலயே நிறுத்திட்டாங்க. ஒருத்தி அவங்க மாமாகூட வர்றா, மத்தவங்க நடந்து வர்றாங்க. நடந்தா முக்கால் மணி நேரம். அவங்க ஆறு பேர், நான் ஒன்னு. 44ஓட கூட்டிப் பாருங்க. நீங்க அம்பதுன்னு எழுதின அன்னைக்கே நான் கூட்டிப் பாத்துட்டேன். சுவரை மூடினா அது என்னாலதான் அத்தை. அந்தக் குட்டிப் பொண்ணு தினமும் மூணு கிலோமீட்டர் சுத்தணும். ஸ்டூல்ல உக்காந்து எண்ணுறப்ப எல்லாம் அவளைத்தான் முதல்ல தேடுறேன்.

எனக்கு மறுபடியும் ஓட்டணும். பயமா இருக்கு, ஆனா ஓட்டணும். அப்பாகிட்ட ஒரு தடவை கேட்டேன். சாப்பாட்டுத் தட்டை வச்சுட்டு எழுந்து போயிட்டார். அப்புறம் கேக்கல.

குண்டூசி


ஆகஸ்ட் 22

தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். நான் நல்லா இருக்கேன், நீயும் நல்லா இருக்கணும், உன்மேல நல்ல கோபத்துல இருக்கேன்.

பிள்ளை விழுந்து அஞ்சு மாசம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லல. சைக்கிள் வாங்கிக் குடுத்தவ என்ன சொல்வாளோன்னு அவ மறைச்சா, சரி, சின்னப் பிள்ளை. உனக்கு என்ன வந்துச்சு? உன் பொண்டாட்டியையும் உலை கொதிக்குதுன்னு பொய் சொல்ல வச்சிருக்க. அவளுக்குப் பொய் வரல, பாவம்.

செப்டம்பர் 24 அந்த இடத்துல சைக்கிள் எண்ண ஆள் வருது. அம்பது இருந்தா சிக்னல், லாரி நிக்கும். இல்லைன்னா சுவர். இப்போ போறது நாப்பத்திநாலு. மீதி ஏழு உங்க தெருவுல பின்கட்டுலயும் மாடிப்படிக்கு அடியிலயும் நிக்குது. அதுல ஒன்னு உன் சுவர்ல தொங்குது. அவ அதை இறக்கித் தரச் சொல்லி உன்னைக் கேக்க பயப்படுறா. அதான் நான் கேக்குறேன். இதை நான் சொல்லிட்டேன்னு அவளைத் திட்டினா, முட்டி வலியோட பஸ் ஏறி வந்து உன் வாசல்ல உக்காந்துருவேன்.

அக்கா


செப்டம்பர் 1

அக்காவுக்கு,

நாங்க நல்லா இருக்கோம். உன் முட்டியைப் பாத்துக்க. அவளைத் திட்டல.

எனக்கு உன்னை மாதிரி எழுத வராது. சுவரை மூடட்டும். மூடினா நல்லது. அதுக்காக உங்க ஆபீஸுக்கு நான் நன்றி சொல்லுவேன்.

அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு அவளுக்கே முழுசாத் தெரியாது. நான் அந்த இடைவெளிக்குக் கிட்ட நம்ம பட்டறையில கேட் ஒன்னுக்கு வெல்டிங் வச்சிட்டிருந்தேன். லாரி பிரேக் சத்தம். அப்புறம் பிள்ளைங்க கத்துறாங்க. ஓடினேன். ஒன்னுமே தெரியல அக்கா. பட்டப்பகல்ல கண்ணு இருட்டிருச்சு. அவளைக் கூப்பிட்டுக் கத்திக்கிட்டே ஓடுறேன், எதிர்ல வர்ற ஆள்மேலயெல்லாம் முட்டுறேன். யாரோ என்னைப் பிடிச்சு நிறுத்தி, முகத்துலேர்ந்து வெல்டிங் மூடியைக் கழட்டினாங்க. அந்தக் கறுப்புக் கண்ணாடியோடவே ஓடியிருக்கேன். கழட்டினப்புறம் பாத்தா அவ எதிர்லயே நிக்குறா. "அப்பா, ஒன்னுமில்லப்பா"ன்னு எனக்குத் தைரியம் சொல்றா.

சூடு கண்ட பூனைன்னு நீ சொல்லுவ. சொல்லிக்க. சைக்கிளை இறக்கமாட்டேன்.

தம்பி


செப்டம்பர் 7

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை மூணு தடவை படிச்சேன். நான் போட்ட சண்டைக்கெல்லாம் என்னை மன்னிச்சுரு. ஆபீஸ்ல யாரும் பாக்காம ஒரு அழுகையும் அழுதேன். அந்தச் சைக்கிளை வாங்கின கை இது. 

ஆனா நான் பாத்ததையும் உனக்குச் சொல்லணும். என் வேலையே அதுதானே. போன வருஷம் வேற ஒரு ரோட்டுல இதே மாதிரி மூடினாங்க. ஆறு மாசம் கழிச்சு போட்டோ வந்துச்சு. சுவர் அப்படியே இருக்கு. பசங்க சைக்கிளைத் தலைக்கு மேல தூக்கிச் சுவர் மேல வைக்குறாங்க, ஒருத்தன் ஏறி அந்தப் பக்கம் குதிச்சு வாங்குறான். லாரி ரெண்டு பக்கமும் போகுது. மூணு கிலோமீட்டர் யாருடா சுத்துவாங்க? உன் பொண்ணு தூக்கமாட்டா, அவளை நீ பைக்ல விட்டுருவ. மத்தவங்க? கால் எட்டாத ஒரு குட்டி இருக்காமே, அவளுக்கு யாரு சைக்கிளைத் தூக்கிக் குடுப்பாங்க?

ஒன்னும் ஆகாதுன்னு நான் உனக்கு எழுதிக் குடுக்க முடியாது. யாராலயும் முடியாது. நீ ஒரு தடவை அங்க நின்னு பாரு. மூடியைக் கழட்டிட்டு நின்னு பாரு. அதுக்கப்புறமும் வேண்டாம்னா நான் வாயைத் திறக்கமாட்டேன்.

அக்கா


செப்டம்பர் 16

அன்புள்ள அத்தைக்கு,

நாங்க சுகம். ஆனா அப்பாவுக்கு என்னமோ ஆயிருச்சு.

ஒரு வாரமா என்னை விட்டுட்டு அவர் பட்டறைக்குப் போறதில்ல. இடைவெளிக்குப் பக்கத்துல கையைக் கட்டிக்கிட்டு ஒன்பது வரைக்கும் நிக்குறார். வாட்சைப் பாக்குறார், லாரியைப் பாக்குறார், உள்ளங்கையில ஏதோ எழுதுறார். கிட்டப் போய்ப் பாத்தேன், 9, 14, 6, 11ன்னு இருந்துச்சு. ஒரு லாரிக்கும் அடுத்ததுக்கும் நடுவுல எத்தனை செகண்டுன்னு வாட்ச்மேன் சொன்னார். நேத்து அந்தக் குட்டிப் பொண்ணு பாதியில நின்னுட்டா. அப்பா ரோட்டுக்குள்ள இறங்கி, ரெண்டு கையையும் விரிச்சு லாரியை நிறுத்திட்டார் அத்தை! டிரைவர் கன்னாபின்னான்னு திட்டினார். அப்பா அவ தாண்டுற வரைக்கும் கையை இறக்கல.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தா பின்கட்டுல சைக்கிள் தரையில நிக்குது. ரெண்டு பிரேக் கட்டையும் புதுசு.  நான் ஏன்னு கேக்கல. கேட்டா மறுபடியும் மாட்டிருவாரோன்னு பயம். அம்மா மட்டும் ரெண்டு வீடு தள்ளிப் போய், அந்த ஆறு பேர்ல ஒருத்தியோட அம்மாகிட்ட குசுகுசுன்னு பேசிட்டு வந்தாங்க.

இன்னும் எட்டு நாள் இருக்கு. என்ன நடக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?

குண்டூசி


செப்டம்பர் 24

அக்காவுக்கு,

தம்பி எழுதுறேன். இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். பட்டறையில உக்காந்து எழுதுறேன், காகிதத்துல கரி பட்டிருந்தா பொறுத்துக்க.

காலையில பைக்கை எடுத்தேன். அவ வழக்கம்போலப் பையை மாட்டிக்கிட்டு வந்து பின்னாடி ஏறப் போனா. "நீ உன் வண்டியில வா"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிட்டேன். திரும்பினா மனசு மாறிரும்.

உங்க ஆபீஸ் ஆளுங்க ரெண்டு பேர் குடை, நாற்காலியோட உக்காந்திருந்தாங்க. பக்கத்துல போய் நின்னேன். "நீங்க யாருங்க"ன்னு ஒருத்தர் கேட்டார். "நானும் எண்ணத்தான் வந்தேன்"னேன். ஏற்கனவே நாலுன்னு போட்டவங்கதானே, எனக்கு நம்பிக்கை இல்ல. எட்டு மணியிலேர்ந்து நானும் ஒன்னு ரெண்டுன்னு ஆரம்பிச்சேன். அந்தக் குட்டிப் பொண்ணு பன்னிரண்டு. வாயால பெல் அடிக்கிறவன் இருபத்தேழு.

முப்பத்தொன்னு வரைக்கும் எண்ணினேன். முப்பத்திரெண்டு உன் மருமக. ஓரத்துல காலை ஊனி நின்னா. ரெண்டு லாரியைப் போக விட்டா. மூணாவது தூரத்துல வந்துச்சு, நானா இருந்தா போயிருப்பேன், அவ அதையும் விட்டா. என்னைப் பாக்கவே இல்ல, ரோட்டைத்தான் பாத்தா. அப்புறம் மிதிச்சா. நடுவுல நின்னு, மறுபடியும் பாத்து, மறுபடியும் மிதிச்சு, அந்தப் பக்கம் ஏறிட்டா.

அவ பின்னாடி நிறைய வந்துச்சுங்க அக்கா, சைக்கிளை நிறுத்தி வச்சிருந்த நம்ம தெருப் பொண்ணுங்க குரல்கூடக் கேட்டுச்சு. எத்தனைன்னு கேக்காத. முப்பத்திரெண்டுக்கு மேல என்னால எண்ண முடியல, கண்ணு மறைச்சிருச்சு. உங்க ஆபீஸ் கணக்கு என்னன்னு பாத்து நீதான் எழுதணும். என் கணக்கும் வேணும்னா சொல்லு, நாளைக்கும் அவ சைக்கிள்லதான் போறா, நின்னு முழுசா எண்ணிச் சொல்றேன்.

தம்பி